உச்சிப்புளிப் பக்கம் நல்ல லேப் (லேப்ரடார்) நாய்க்குட்டி எங்கே கிடைக்கும்?

உச்சிப்புளி அப்பா:
எல்லாருக்கும் வணக்கம். மகளுக்கு 9 வயது. இரண்டு வருடமாக நாய்க்குட்டி கேட்டுக்கொண்டே இருந்தாள், போன கார்த்திகையில் ஒரு லேப் குட்டி வாங்கிக் கொடுத்தேன். போனில் விளம்பரம் பார்த்து வாங்கியதுதான். வெளி மாவட்டத்து ஆள், பணத்தை முதலில் போடச் சொன்னார், 9,000 ரூபாய் போட்டேன், குட்டியை பஸ்ஸில் ஏற்றிவிட்டார். ராமநாதபுரம் பஸ் ஸ்டாண்டில் போய் நின்றேன். கண்டக்டர் இறக்கிக் கொடுத்தது ஒரு ஆப்பிள் பெட்டி. பக்கவாட்டில் குத்திய நாலு ஓட்டை, அடிப்பக்கம் மூத்திரத்தில் ஊறிப்போய்க் கையோடு பிய்ந்து வந்தது. உள்ளே ஒரு மூலையில் ஒடுங்கிக் கிடந்தது குட்டி. 35 நாள் என்று சொல்லியிருந்தார்.

ஐந்தாம் நாள் வாந்தி. ஆறாம் நாள் இரத்தமாகப் பேதி, அந்த நாற்றம் இன்னும் என் மூக்கில் இருக்கிறது. ஊசி, டிரிப் எல்லாம் போட்டுப் பார்த்தோம். எட்டாம் நாள் விடியற்காலை என் மனைவி மடியிலேயே போய்விட்டது. விற்றவரைக் கூப்பிட்டால் "உங்களுக்குப் பார்த்துக்கொள்ளத் தெரியவில்லை" என்றார், அதற்கப்புறம் என் போனை எடுக்கவே இல்லை.

இப்போது பங்குனி, மகள் மறுபடி கேட்க ஆரம்பித்துவிட்டாள். இந்தத் தடவை ஏமாறக் கூடாது. நம்பிக்கையான ஆள் யாராவது இருந்தால் சொல்லுங்கள். சுற்றுச்சுவர் உள்ள வீடு, மணல் முற்றம், பகலில் என் அம்மா வீட்டில் இருப்பார்.

ஊசிமருந்து:
அண்ணே, நான் கால்நடை மருத்துவமனையில் உதவியாளாக வேலை பார்க்கிறேன். நீங்கள் சொல்கிற அறிகுறி பார்வோ என்கிற வைரஸ் நோய்தான். டிரிப் போட்டும் போய்விட்டது என்று உங்களை நீங்களே குறை சொல்லிக்கொள்ள வேண்டாம், அந்தக் கிருமியைக் கொல்ல மருந்து கிடையாது, குட்டி தாக்குப்பிடிக்கும்வரை நீர்ச்சத்து இறங்காமல் பார்த்துக்கொள்வதுதான் வைத்தியம். 35 நாள் குட்டிக்கு அந்தத் தெம்பு எங்கிருந்து வரும்?

அந்த வயதுதான் ரொம்ப ஆபத்தான வயது. தாய்ப்பாலில் வந்த எதிர்ப்புச் சக்தி வடிய ஆரம்பித்திருக்கும், தடுப்பூசி போட்டுப் புதுச் சக்தி வந்திருக்காது. முதல் ஊசி 6லிருந்து 8 வாரத்துக்குள், அப்புறம் மூன்று நான்கு வாரத்துக்கு ஒன்று என்று 16 வாரம் வரை போட வேண்டும், வெறிநாய்க்கடித் தடுப்பூசி மூன்றாம் மாதம். நடுவில் பெட்டியில் அடைத்து, பசியோடு, பயத்தோடு பஸ்ஸில் அனுப்பினால் உடம்பு விழுந்துவிடும். சின்னக் குட்டியென்றால் அழகாக இருக்கும் என்றுதான் அந்த வயதில் விற்கிறார்கள். இன்னும் மூன்று வாரம் வைத்திருந்தால் தீனிச் செலவு, ஊசிச் செலவு அவர்கள் தலையில் விழும், அதுவும் ஒரு காரணம்.

இன்னொன்று, இதை யாரும் உங்களிடம் சொல்லியிருக்க மாட்டார்கள். பார்வோ கிருமி உங்கள் முற்றத்து மண்ணில் இன்னும் இருக்கலாம். நிழலும் ஈரமும் உள்ள மண்ணில் மாதக்கணக்கில், ஒரு வருடம்கூட இருக்கும். சிமெண்டுத் தரையை பிளீச்சிங் பவுடர் கரைத்துக் கழுவிவிடலாம், மண்ணை எப்படிக் கழுவுவது? அதனால் எவ்வளவு நல்ல ஆளிடம் வாங்கினாலும் சரி, ஊசி முடியாத குட்டியை இப்போது அந்த வீட்டுக்குக் கொண்டுவராதீர்கள். ஊசி எல்லாம் முடிந்த வளர்ந்த நாய் என்றால் பயமில்லை.

பாம்பன் கரை:
தம்பி, உங்கள் மகளை நினைத்தால் மனசு கஷ்டமாக இருக்கிறது. நம்பிக்கையான ஆள் யார் என்று கேட்கிறீர்கள். என்னிடம் யார் கேட்டாலும் நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான், தாயைப் பார்த்தீர்களா? தாய் இருக்கிற இடத்துக்கு, உங்கள் காலால் போய், தாயோடு குட்டிகள் இருப்பதைக் கண்ணால் பார்த்தீர்களா? போட்டோ வேண்டாம், வீடியோ வேண்டாம். பஸ் ஸ்டாண்டில் கைமாற்றுகிற குட்டிக்கும், பெட்ரோல் பங்க்கில் வைத்துக் கொடுக்கிற குட்டிக்கும் தாயைக் காட்ட முடியாது, காட்டினால் வியாபாரம் நடக்காது.

நான் ஒரு தடவை சொந்தக்காரர் ஒருவரோடு குட்டி பார்க்கப் போனேன். ஊர் பெயர் வேண்டாம். முன் அறையில் மேஜை மேல் துண்டு விரித்து மூன்று குட்டி வைத்திருந்தார்கள், பவுடர் வாசனை. தாய் எங்கே என்றதும் ஒரு நாயைச் சங்கிலியோடு கூட்டிவந்தார்கள். நான் குனிந்து அதன் வயிற்றைப் பார்த்தேன். காம்புகள் சுருங்கி வயிற்றோடு ஒட்டியிருந்தன. பால் கொடுக்கிற நாய்க்கு மடி தொங்கும், காம்பைச் சுற்றி முடி உதிர்ந்திருக்கும், குட்டிகளின் நகம் கீறிய கோடு சிவப்பாகத் தெரியும். கீழே விட்ட குட்டிகள் அந்த நாயிடம் போகவும் இல்லை, அது அவற்றைப் பார்த்து உறுமியது. கொல்லையில் தகரக் கொட்டகை ஒன்று இருந்தது. நாங்கள் அந்தப் பக்கம் திரும்பியதும் கதவைச் சாத்தினார்கள், ஆனாலும் பார்த்துவிட்டேன். உண்மையான தாய் அங்கே ஈரச் சாக்கில் கிடந்தது, முழங்கையெல்லாம் காய்த்துப்போய், விலா எலும்பை எண்ணலாம். அது எத்தனையாவது ஈற்றோ.

சொந்தக்காரர் "பாவம் அக்கா, ஒரு குட்டியையாவது காப்பாற்றலாம்" என்று பணத்தை எடுத்தார். நான் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தேன், அன்று முழுக்க என்னோடு பேசவில்லை அவர். ஆனால் நாம் கொடுக்கிற அந்தப் பணம் கொட்டகையில் கிடக்கிற தாயை இன்னொரு தடவை சினையாக்குவதற்கான பணம். குட்டி காப்பாற்றப்படும், தாய்?

தொண்டி வீடு:
எல்லாரும் வியாபாரிகளைத் திட்டுகிறீர்கள், சரி. ஆனால் வீட்டில் ஆசையாக வளர்க்கிற எங்களைப் போன்றவர்களையும் அதே கணக்கில் சேர்ப்பது நியாயமில்லை. என்னிடம் ஒரு லேப் பெண் நாய் இருக்கிறது. வீட்டுப் பிள்ளை மாதிரி. இரண்டு ஈற்று எடுத்தேன், முதலில் 4, அப்புறம் 5, மொத்தம் 9 குட்டி. தாய்க்கு முட்டை, கோழி எல்லாம் கொடுத்தேன், 45 நாளில்தான் கொடுத்தேன், எல்லாம் தெரிந்த குடும்பங்களுக்கு. பெண் நாய் ஒரு தடவையாவது குட்டி போட்டால்தான் உடம்புக்கு நல்லது என்று பெரியவர்கள் சொல்வார்கள். யாருக்கும் கெடுதல் செய்யவில்லை. அண்ணே, நீங்கள் என்னிடம் வந்திருந்தால் தாயை உங்கள் மடியிலேயே உட்கார வைத்திருப்பேன்.

சாயல்குடி பனங்காடு:
தொண்டித் தம்பி, கோபப்படாமல் கேளுங்கள். நான் 20 வருடமாகக் கன்னி இன நாய் வைத்திருக்கிறேன், எங்கள் அப்பா காலத்து வழி. குட்டி எடுக்கிறவன்தான் நானும். அதனால் குட்டி எடுப்பதே பாவம் என்று சொல்ல மாட்டேன். இந்த வழியெல்லாம் நம் மண்ணின் நாய்கள், சிப்பிப்பாறை, கன்னி, கோம்பை, ராஜபாளையம், யாரோ ஒருவர் பொறுப்பாகக் குட்டி எடுக்காவிட்டால் அற்றுப்போகும். ஆனால் பொறுப்பு என்பது முட்டையும் கோழியும் கொடுப்பதோடு முடிவதில்லை.

எந்த ஆணோடு சேர்க்கிறோம் என்று மூன்று தலைமுறை பார்க்க வேண்டும். எங்கள் பக்கம் நல்ல நாய் நாலைந்துதான் என்பதால் அண்ணன் தங்கச்சியையே சேர்த்துவிடுகிறார்கள். முதல் ஈற்றில் ஒன்றும் தெரியாது. போகப் போகக் குட்டி குறையும், தங்காது, பல் வரிசை மாறும், கோழைக் குணம் வரும். ராஜபாளையம் இன்னும் மோசம். வெள்ளை வெளேர் என்று, மூக்கு ரோஜா நிறத்தில் இருந்தால்தான் அசல் என்று ஜனங்கள் கேட்கிறார்கள், அந்த வெள்ளையோடு காது கேளாமையும் சேர்ந்து வருகிறது. என் சிநேகிதர் ராஜபாளையம் வைத்திருக்கிறார், நான் குட்டி பார்க்கப் போனால் ஒவ்வொன்றாகத் தனியாகத் தூங்க விட்டு, பின்னால் நின்று சாவிக்கொத்தை ஆட்டுவேன். கூட்டமாக இருக்கும்போது பார்த்தால் ஏமாந்துவிடுவோம், செவிட்டுக் குட்டி மற்றதைப் பார்த்துத் தானும் எழுந்துவிடும். கை தட்டினாலும் காற்று படும், அதற்கும் திரும்பும். சாவிச் சத்தத்துக்குக் காது மடல் லேசாக அசைகிறதா, அதுதான் கணக்கு.

குட்டி கேட்டு வருகிறவர்களை நான் முதலில் கேட்பது, கட்டிப்போடுவீர்களா, ஓட விடுவீர்களா என்று. கன்னியும் சிப்பிப்பாறையும் ஓட்டத்துக்குப் பிறந்த நாய்கள். மாடி வீட்டு கேட்டில் சங்கிலி போட்டால் ஆறு மாதத்தில் வேறு நாயாகிவிடும். வேட்டைக்கு என்று சொல்கிறவருக்கும் தர மாட்டேன், முயல் பிடிப்பது வன உயிரினச் சட்டப்படி குற்றம், நாயும் கம்பியில் மாட்டிக் கிழிந்து வரும். ஆடு வைத்திருக்கிற வீடா என்று கேட்பேன். கடைசியாக ஒன்று, முடியாமல் போனால் எத்தனை வருடம் ஆனாலும் என்னிடமே திருப்பிக் கொண்டுவர வேண்டும், ரோட்டில் விடக் கூடாது. இதற்குச் சரி என்று சொல்லாதவருக்கு எவ்வளவு கொடுத்தாலும் குட்டி இல்லை. இதுவரை மூன்று நாய் திரும்பி வந்திருக்கிறது, ஒன்று ஐந்து வயதில்.

தம்பி, உங்களிடமிருந்து போன அந்த 9 குட்டியும் இப்போது எங்கே இருக்கின்றன என்று தெரியுமா? குத்திக் காட்டக் கேட்கவில்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்கிறேன்.

உச்சிப்புளி அப்பா:
மண்ணில் கிருமி இருக்கும் என்பது எனக்குத் தெரியவே தெரியாது. நல்ல வேளை கேட்டேன். ஒரு சந்தேகம், கென்னல் கிளப் சான்றிதழ் உள்ள குட்டி என்றால் நம்பலாமா? அரசாங்க அனுமதி ஏதாவது உண்டா?

ஊசிமருந்து:
அண்ணே, கென்னல் கிளப் ஆஃப் இந்தியா, அது நம் சென்னையில்தான் இருக்கிறது, அவர்கள் கொடுக்கிற தாள் இந்தக் குட்டிக்கு அப்பா அம்மா யார், பாட்டன் யார் என்று சொல்லும். இடுப்பு மூட்டு நன்றாக இருக்கிறதா, கண் நன்றாக இருக்கிறதா என்று சொல்லாது. லேப்புக்கும் ஜெர்மன் ஷெப்பர்டுக்கும் இடுப்பு மூட்டுக் கோளாறு வழிவழியாக வருகிற ஒன்று. பொறுப்பானவர் தாய் தகப்பன் இரண்டுக்கும் இரண்டு வயதுக்குப் பிறகு இடுப்பு எக்ஸ்ரே எடுத்து வைத்திருப்பார். கேளுங்கள். "எங்கள் நாய்க்கு ஒன்றுமில்லை சார்" என்று வாயால் சொன்னால் போதாது, படத்தைக் காட்டச் சொல்லுங்கள்.

அனுமதி உண்டு. 2017ல் மத்திய அரசு நாய் இனப்பெருக்கத்துக்கும் விற்பனைக்கும் தனியாக விதிகள் கொண்டுவந்தது, 1960ஆம் ஆண்டு மிருகவதைத் தடுப்புச் சட்டத்தின் கீழ். விற்பதற்காகக் குட்டி எடுக்கிறவர் மாநில விலங்குகள் நல வாரியத்தில் பதிவு செய்திருக்க வேண்டும். 18 மாதம் ஆகாத நாயைச் சேர்க்கக் கூடாது, 8 வயதுக்கு மேல் கூடாது, 12 மாதத்துக்கு ஒரு ஈற்றுக்கு மேல் கூடாது, ஆயுளில் 5 ஈற்றுக்கு மேல் கூடாது. 8 வாரம் ஆகாத குட்டியை விற்கவே கூடாது. உங்களுக்கு வந்த 35 நாள் குட்டி, தொண்டி அண்ணன் கொடுத்த 45 நாள் குட்டி, இரண்டுமே அந்தக் கணக்கில் தப்பு. 8 வாரம் என்பது ஊசிக்காக மட்டும் இல்லை. கடித்தால் வலிக்கும், எங்கே நிறுத்த வேண்டும் என்பதையெல்லாம் தாயும் கூடப் பிறந்ததும்தான் அந்த வாரங்களில் சொல்லிக்கொடுக்கும், நாம் சொல்லிக்கொடுக்க முடியாது.

குட்டியின் வயதை நீங்களே பார்க்கலாம். மெதுவாக உதட்டைத் தூக்குங்கள். 35 நாளில் முன்பல் ஈறைக் கிழித்துக்கொண்டு குருணை அரிசி மாதிரி அங்கங்கே இருக்கும், கடைவாய் முழுதாக வந்திருக்காது. 8 வாரத்தில் பால்பல் வரிசை நிறைந்துவிடும், கோரைப்பல் ஊசி மாதிரி குத்தும். வயிறு பானை மாதிரி உப்பி முதுகெலும்பு தெரிந்தால் உள்ளே பூச்சி, பூச்சி மருந்தே கொடுக்கவில்லை என்று அர்த்தம்.

தொண்டி அண்ணே, இதை மரியாதையோடு சொல்கிறேன். ஒரு ஈற்று போட்டால்தான் உடம்புக்கு நல்லது என்பதற்கு மருத்துவத்தில் எந்த ஆதாரமும் கிடையாது. கருத்தடை செய்யாத வயதான பெண் நாய்கள் கருப்பையில் சீழ் வைத்துத்தான் எங்களிடம் வருகின்றன, தண்ணீர் தண்ணீராகக் குடித்துக்கொண்டு, சாப்பிடாமல். இரண்டு நாள் தாமதித்துக் கொண்டுவந்தால் பல நேரம் ஒன்றும் செய்ய முடிவதில்லை. முதல் பருவத்துக்கு முன் கருத்தடை செய்துவிட்டால் மடியில் கட்டி வருவதும் ரொம்பக் குறையும்.

இன்னொன்று, ஹஸ்கி, பக் கேட்டு இப்போது நிறையப் பேர் வருகிறார்கள். 2024ல் தமிழ்நாடு அரசு வெளியிட்ட கொள்கையில் இந்த மாதிரி நம் வெயிலுக்கு ஒவ்வாத இனங்களைப் பெருக்க வேண்டாம் என்று பட்டியலே இருந்தது, அதற்கு எதிர்ப்பும் கிளம்பியது. எதிர்த்தவர்கள் சித்திரை மாதம் மத்தியானம் எங்கள் மருத்துவமனைத் திண்ணையில் ஒரு மணி நேரம் உட்கார்ந்தால் போதும். நசுங்கிய மூக்கோடு ஒரு பக் மூச்சுக்கு இழுக்கிற சத்தத்தைக் கேட்டால் அப்புறம் கேட்க மாட்டார்கள்.

கீழக்கரை தோப்பு:
நாங்கள் வீட்டுக்குள் நாய் வைப்பதில்லை. தோப்புக் காவலுக்கு வைக்கலாம், வைத்திருக்கிறோம், தென்னந்தோப்பில் இரண்டு நாட்டு நாய். எங்கள் அத்தா காலத்திலிருந்தே அதற்குத் தனிச் சட்டி, தனிக் கொட்டகை, வேளாவேளைக்குச் சோறு. வாயில்லாத ஜீவனைப் பட்டினி போட்டால் மறுமையில் பதில் சொல்ல வேண்டும் என்று அத்தா சொல்வார்கள்.

நான் சொல்ல வந்தது வேறு. போன மாதம் தோப்பு வேலி ஓரத்தில் ஒரு சிமெண்டுச் சாக்கு. வாய் கட்டியிருந்தது, உள்ளே அசைகிறது. பிரித்தால் ஆறு குட்டி, கண் அப்போதுதான் திறந்திருக்கிறது, எல்லாமே பெட்டை. ஒரு கடுவன்கூட இல்லை. கடுவனை யாரோ எடுத்துக்கொண்டு பெட்டையை மட்டும் கட்டிப் போட்டிருக்கிறார்கள். இரண்டு பிழைத்தது. காசு கொடுத்து லேப் தேடுகிற ஊரில்தான் இதுவும் நடக்கிறது, அதை எழுத வேண்டும் என்று தோன்றியது.

பாம்பன் கரை:
கீழக்கரை அண்ணே, நீங்கள் எழுதியது நல்லது. இங்கே துறைமுகத்திலும் அதேதான். கடுவன் குட்டியை வல்லத்துக்காரர்கள், கருவாட்டுக் கொட்டகைக்காரர்கள் தூக்கிப் போய்விடுவார்கள். பெட்டை கரையிலேயே கிடக்கும். எட்டு ஒன்பது மாதத்தில் அது பருவத்துக்கு வரும், அறுபத்து மூன்று நாள் சினை, அப்புறம் ஏழெட்டுக் குட்டி, அதில் நாலு பெட்டை.

ஏப்ரல் 15லிருந்து ஜூன் 14 வரை, மீன்பிடித் தடைக்காலம் 61 நாள், விசைப்படகு ஒன்றும் போகாது. கழிவு மீன் வராது. நாய்களுக்கு அந்த இரண்டு மாதம் பஞ்சம்தான். அப்போது ஈன்ற தாய் எலும்பும் தோலுமாக நிற்கும், குட்டி அதன் காம்பில் தொங்கிக்கொண்டே கூட வரும், அதில் பால் இருக்காது. பசித்த நாய்கள் கூட்டமாகத் தனுஷ்கோடி மணல் பக்கம் போய்விடுகின்றன. தையிலிருந்து சித்திரை வரை அங்கே ஆமை ஏறி முட்டை போடுகிற காலம், வனத்துறை முட்டைகளைச் சேகரித்துப் பொரிப்பகத்தில் வைக்கிறது, அவர்கள் வருவதற்குள் நாய் தோண்டிவிட்டால் ஒரு குழி முழுக்கப் போய்விடும். நாயைக் குற்றம் சொல்லி என்ன பண்ண? கொண்டுவந்து விட்டது மனுஷன். வளர்த்த மிருகத்தைக் கைவிடுவதும் அந்த 1960 சட்டத்தில் குற்றம்தான், தெரிந்தவர்கள் குறைவு.

நானும் மூன்று பெண்களும் சேர்ந்து போன வருடம் 11 பெட்டைக்குக் கருத்தடை செய்து கொண்டுவந்தோம். ஆட்டோவில் பாலம் தாண்டிக் கூட்டிப்போய்க் கூட்டிவர வேண்டும், தையல் காயும்வரை ஒரு வாரம் யாராவது வீட்டில் வைத்துப் பார்க்க வேண்டும், உப்பு ஈரத்தில் விட்டால் புண் ஆறாது. 11 என்பது சின்ன எண்ணிக்கைதான். ஆனால் அந்த ஐஸ் பிளாண்ட் சந்தில் இந்த வருடம் குட்டி இல்லை.

அதனால்தான் உச்சிப்புளித் தம்பி, லேப்தான் வேண்டும் என்று மகள் பிடிவாதமாக இருக்கிறாளா என்று கேட்டுப் பாருங்கள்.

தொண்டி வீடு:
மூன்று நாளாகப் பதில் எழுதவில்லை. சாயல்குடி அண்ணன் கேட்ட கேள்வி தூங்க விடவில்லை. 9 குட்டி வாங்கியவர்களில் நம்பர் இருந்தவர்களையெல்லாம் கூப்பிட்டேன். நான்கு நன்றாக இருக்கிறது, போட்டோ அனுப்பினார்கள், சந்தோஷமாக இருந்தது. இரண்டு முதல் இரண்டு மாதத்துக்குள்ளேயே செத்திருக்கிறது, என்னிடம் சொன்னால் வருத்தப்படுவேன் என்று சொல்லவில்லையாம். ஒன்றை வேலை மாற்றத்தில் போகும்போது யாரிடமோ கொடுத்துவிட்டார்கள், அவர் யார் என்று தெரியவில்லை. ஒன்று தேவிபட்டினம் பக்கம் ஒரு இறால் பண்ணையில் இருக்கிறது, நேற்று போய்ப் பார்த்தேன். இரண்டு முழச் சங்கிலி. அது நிற்கிற இடத்தைச் சுற்றி மண் வட்டமாகக் குழிந்து போயிருக்கிறது. என் நாய்க்கு இருக்கிற அதே முகம், நெற்றியில் அதே சுருக்கம். என்னைப் பார்த்து வாலை ஆட்டியது. அதற்கு என்னை ஞாபகம் இருக்க வழியில்லை, யாரைப் பார்த்தாலும் ஆட்டும் போலிருக்கிறது. ஒன்பதாவது குட்டி யார் வாங்கினார்கள் என்றே எனக்கு நினைவு வரவில்லை.

பண்ணைக்காரரிடம் பேசிவிட்டேன், இந்த ஞாயிறு அதை வீட்டுக்குக் கூட்டிவருகிறேன். தாய்க்கு அடுத்த மாதம் கருத்தடை. ஊசிமருந்து தம்பி, என்ன பரிசோதனை முன்னால் எடுக்க வேண்டும் என்று தனியாகச் சொல்லுங்கள்.

சாயல்குடி பனங்காடு:
தம்பி, போய்ப் பார்த்தீர்களே, அதுவே நிறைய. கூட்டிவருகிற நாயைத் தாயோடு எடுத்தவுடன் ஒரே இடத்தில் விடாதீர்கள். இரண்டும் பெட்டை என்றால் சோற்றுச் சட்டிக்குச் சண்டை வரும், ஒரு வாரம் வேலிக்கு இந்தப் பக்கம் அந்தப் பக்கம் வையுங்கள். சங்கிலியில் கிடந்த நாய் முதலில் வெறித்தனமாக ஓடும், பயப்பட வேண்டாம்.

மண்டபத்துக்காரி:
இவ்வளவு நாளாகப் படித்துக்கொண்டு மட்டும்தான் இருந்தேன். உச்சிப்புளி அண்ணா, உங்களுக்கு ஒரு விஷயம். நம் பக்கம் மாற்றலாகி வந்து போகிற குடும்பங்கள் நிறைய. போகும்போது ரயிலில் நாயைக் கொண்டுபோக முடியவில்லை, புது ஊரில் அபார்ட்மெண்ட் என்று ஏதோ ஒரு காரணம் சொல்லி விட்டுவிட்டுப் போவார்கள். எங்கள் தெருவில் அப்படி ஒன்று இருக்கிறது. லேப்பும் நாட்டு நாயும் கலந்தது, தேன் நிறம், ஒரு காது நிற்கும் ஒரு காது மடங்கும். மூன்று வயது, பெட்டை, கருத்தடை ஆகிவிட்டது. அவர்கள் போனபோது தடுப்பூசி அட்டையை என் கையில் கொடுத்துவிட்டுப் போனார்கள், எல்லா ஊசியும் அதில் இருக்கிறது. நான் வாடகை வீட்டில் இருக்கிறேன், வீட்டுக்காரர் விடவில்லை, அதனால் இரண்டு மாதமாக வாசலில் வைத்துச் சோறு போடுகிறேன். சாயங்காலம் ஆறு மணிக்கு அவர்கள் வீட்டு கேட்டில் போய் உட்கார்ந்துவிடும், அந்த வீட்டில் வேறு ஆட்கள் வந்தாகிவிட்டது. பள்ளிக்கூடப் பிள்ளைகள் காதைப் பிடித்து இழுத்தாலும் ஒன்றும் செய்யாது. கட்டாயம் இல்லை அண்ணா, மகளைக் கூட்டிக்கொண்டு வந்து பாருங்கள்.

ஊசிமருந்து:
எடுக்கிறதுக்கு முன்னால் ஒரு இரத்தப் பரிசோதனை எடுத்துவிடுங்கள், வாசலில் இருந்த நாய்க்கு உண்ணிக் காய்ச்சல் உள்ளுக்குள் இருக்கலாம், தட்டணு எண்ணிக்கை காட்டிக்கொடுத்துவிடும். ஈறைப் பாருங்கள், வெளுத்திருக்கக் கூடாது. பிறப்புறுப்பில் பூக்கோசு மாதிரி சதை, இரத்தச் சொட்டு இருந்தால் அது தெரு நாய்களுக்குள் சேர்க்கையில் தொற்றுகிற கட்டி, அதற்கு ஊசி இருக்கிறது, குணமாகும், பயந்து விட்டுவிட வேண்டாம். போய்ப் பார்க்கும்போது சோறு வைத்துவிட்டுச் சட்டிக்குப் பக்கத்தில் உட்காருங்கள். உறுமுகிறதா, நிமிர்ந்து பார்த்துவிட்டுத் தின்கிறதா என்று கவனியுங்கள். மகளை அன்றைக்கே கட்டிப்பிடிக்க விடாதீர்கள், அது வந்து முகர்ந்து பார்க்கட்டும்.

உச்சிப்புளி அப்பா:
நாலு தடவை மண்டபம் போய்வந்தோம். முதல் தடவை மகள் முகம் வாடிவிட்டது, குட்டி என்று நினைத்துக்கொண்டு வந்தாள். திண்ணையில் தள்ளி உட்கார்ந்து புளிப்பு மிட்டாய் தின்றுகொண்டிருந்தாள். அரை மணி நேரம் கழித்து அது தானாக எழுந்து வந்து அவள் பக்கத்தில் முதுகைச் சாய்த்துக்கொண்டு படுத்தது, முகத்தைத் தெருப் பக்கம் வைத்துக்கொண்டு. அவள் அசையவே இல்லை, மிட்டாய்த் தாளைக்கூடச் சத்தம் வராமல் மடித்தாள். திரும்பி வரும்போது பஸ்ஸில் "அப்பா, அதுக்கு யாரும் இல்லையா" என்றாள்.

இரத்தப் பரிசோதனையில் லேசாக உண்ணிக் காய்ச்சல் இருந்தது, மாத்திரை போய்க்கொண்டிருக்கிறது. வெள்ளிக்கிழமை கூட்டிவந்தோம். முதல் இரண்டு நாள் சாப்பிடவில்லை. சாயங்காலம் ஆறு மணிக்கு எங்கள் கேட்டில் உட்கார்ந்துகொண்டது, அந்த நேரத்தில் யார் கூப்பிட்டாலும் திரும்பவில்லை. அம்மாவுக்கு நாயே பிடிக்காது, தள்ளி நின்று பார்த்துக்கொண்டிருந்தவர் மூன்றாம் நாள் நகரை மீன் குழம்பு வைத்த கையோடு உப்புக் காரம் இல்லாமல் தனியாக இரண்டு துண்டு அவித்து, முள் எடுத்து, சோற்றில் பிசைந்து வைத்தார். முழுக்கத் தின்றுவிட்டது. நேற்று ஆறு மணிக்கும் கேட்டுக்குப் போனது, ஆனால் மகள் பள்ளியிலிருந்து வந்து பையை வீசிய சத்தம் கேட்டு எழுந்து உள்ளே வந்துவிட்டது.

பழைய பெயரையே வைத்துக்கொண்டோம். எல்லாருக்கும் நன்றி சொல்ல வார்த்தை இல்லை. கடைசியாக ஒரு சந்தேகம், கடற்கரைக்குக் கூட்டிப்போகலாமா? வீட்டிலிருந்து பத்து நிமிட நடை.

பாம்பன் கரை:
தாராளமாகக் கூட்டிப்போங்கள் தம்பி, ஆனால் வெயில் தாழ்ந்த பிறகு. மணலில் உங்கள் புறங்கையை வைத்துப் பாருங்கள், உங்களுக்குச் சுட்டால் அதற்கும் சுடும். குடிக்கத் தண்ணீர் கையோடு கொண்டுபோங்கள், தாகத்தில் கடல் தண்ணீரைக் குடித்துவிட்டு வாந்தி எடுக்கும். வந்ததும் நல்ல தண்ணீரில் காலையும் வயிற்றையும் கழுவிக் காதை உலரத் துடையுங்கள்.

ரொம்ப முக்கியம், கரைவலைக்காரர்கள் ஒதுக்கிப் போட்ட பேத்தை மீன் மணலில் உப்பிக் கிடக்கும், அதில் நஞ்சு, தின்ற நாய் பிழைப்பது கஷ்டம். கெளுத்தி முள்ளும் அங்கங்கே கிடக்கும். அதனால் வலை இழுக்கிற இடத்துக்கு வடக்கே போங்கள், முதல் மாதம் கயிற்றை விடாதீர்கள்.